வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: அகஸ்தீசுவரத்து ஜே.சி. டேனியல்

சென்ற இதழில், மலையாளத்தின் முதல் திரைப்படத்தை எடுத்தவர் அகஸ்தீசுவரத்துக்காரரான ஜே.சி. டேனியல் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு எல்லையின் இரு புறத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, அவரைப் பற்றியவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (களியக்காவிளை): டேனியல் தமிழரா, மலையாளியா? எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு முற்றிச் சண்டையாகவே ஆகிவிட்டது.

சோதனைச் சாவடியைத் தாண்டினால் பெயர்ப்பலகையின் எழுத்து மாறிவிடும் ஊரில் இந்தச் சண்டை வருவதில் வியப்பில்லை. ஆனால் டேனியல் பிறந்தபோது அந்தச் சாவடி அங்கே இல்லை. அவர் பிறந்த ஆண்டு 1900 என்று பெரும்பாலான குறிப்புகளும், 1893 என்று சில குறிப்புகளும் கூறுகின்றன. எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும், அகஸ்தீசுவரம் அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதுவரை நாஞ்சில் நாட்டுக்காரருக்கு மேல்படிப்பு, சர்க்கார் உத்தியோகம், பெரிய வழக்கு, பெரிய ஆஸ்பத்திரி என எதுவாக இருந்தாலும் போக வேண்டிய ஊர் திருவனந்தபுரமாகவே இருந்தது. வீட்டில் தமிழ் பேசி, திருவனந்தபுரத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, மலையாளிகளோடு தொழில் செய்த கிறிஸ்தவ நாடார் குடும்பத்து இளைஞர் அந்தக் காலத்தில் அபூர்வப் பிறவி அல்லர்.

எனவே நம் விடை, அவர் மொழியால் தமிழர், நாட்டால் திருவிதாங்கூர்க்காரர் என்பதே. அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படம் திருவனந்தபுரத்தில் உருவாகி, திருவிதாங்கூர் மக்களுக்குக் காட்டப்பட்டது. ஆகவே அவரைத் தங்கள் திரையுலகின் தந்தை என்று மலையாளிகள் அழைப்பதில் தவறு ஒன்றுமில்லை. அப்படி அழைக்கும் உரிமையை அவர் உயிரோடிருந்த காலத்திலேயே எடுத்துக்கொண்டிருக்கலாமே என்பதுதான் நமக்குள்ள குறை. அது பற்றிச் செங்கோட்டை வாசகருக்குரிய பதிலில் காண்க.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவர்): வாள் வீசத் தெரிந்த ஒருவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்?

வாள் வீசத் தெரிந்ததால்தான் வந்தார். அடிமுறை, வர்மம், களரி என்று நம் பகுதியில் ஆசான்மார் கைமாற்றிக் கொடுத்துவந்த பயிற்சிகளில் டேனியலுக்கு இளமையிலேயே பெரும் பற்று இருந்தது. இந்திய வாட்போர் முறைகள் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இந்தக் கலையைப் பரந்த மக்களிடம் கொண்டுசெல்லச் சினிமாவைவிட வலிய கருவி வேறில்லை என்ற எண்ணமே அவரைப் படத்தொழிலுக்கு இழுத்தது. அவர் காலத்துப் படக்காரர்கள் பலரும் நாடக மேடையிலிருந்தோ, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டும் தொழிலிலிருந்தோ வந்தவர்கள். களரியிலிருந்து வந்தவர் என்று இவரைத்தான் சொல்ல முடியும்.

தொழில் கற்க முதலில் சென்னைக்குப் போனார்; அங்கே படப்பிடிப்பு நிலையங்களுக்குள் அவரை விடவில்லை. பின்னர் பம்பாய்க்குப் போய், தாம் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குச் சினிமா பற்றிப் பாடம் சொல்லத் தெரிந்துகொள்ள வந்திருப்பதாகவும் கூறி உள்ளே நுழைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். திரும்பி வந்து, குடும்பச் சொத்தாக இருந்த நிலத்தை விற்றுக் கருவிகள் வாங்கி, 1926ஆம் ஆண்டு திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கேரளத்தின் முதல் படப்பிடிப்பு நிலையம் அதுவே. இன்று அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகம் இருக்கும் இடத்துக்கு அருகில் அது இருந்தது.

படப்பிடிப்பு நிலையம் என்றதும் ஏசி அரங்கையும் விளக்கு வரிசைகளையும் நினைத்துவிட வேண்டாம். ஊமைப்பட நாட்களில் நம் நாட்டில் பெரும்பாலும் வெயில்தான் விளக்கு. மேலே வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்துவார்கள். பளபளப்பான தட்டிகளைப் பிடித்து நடிகரின் முகத்தில் வெயிலைத் திருப்புவார்கள். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். கேமராவைக் கைப்பிடியால் சுற்ற வேண்டும். வினாடிக்குப் பதினாறு கட்டங்கள் என்ற கணக்கு பொதுவில் இருந்தாலும், அந்தக் கணக்கு சுற்றுகிறவரின் மணிக்கட்டில்தான் இருந்தது. கை சற்றுத் தளர்ந்தால், திரையில் நடப்பவர் ஓடுவார், ஓடுபவர் பறப்பார். சிலம்பத்தையும் வாள் வீச்சையும் உள்ள வேகத்தில் பார்த்துப் பழகிய ஓர் ஆசானுக்கு இது எவ்வளவு எரிச்சல் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடிமுறை குறித்து அவர் பின்னர் ஓர் ஆவணப்படம் எடுத்தார் என்ற குறிப்பும் உண்டு.

கேள்வி (நெய்யாற்றின்கரை): பேசாத படத்துக்கு மொழி ஏது? ‘விகதகுமாரன்’ எப்படி மலையாளப் படம் ஆகும்? அது வெளியான ஆண்டு எது?

நல்ல கேள்வி; ஆனால் இதையே கேட்டால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வத’த்தையும் தமிழ்ப் படம் என்று நாம் உரிமை கொண்டாட முடியாது. ஊமைப்படத்தின் மொழி என்பது அது எடுக்கப்பட்ட மண்ணையும் அதைப் பார்க்க வந்த மக்களையும் வைத்துச் சொல்லப்படுவது. அக்காலத்தில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவதும் வழக்கம்.

எல்லைக்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கேரளத்தின் முதல் ஊமைப்படத்தை எடுத்தவர் அகஸ்தீசுவரத்துத் தமிழர். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் வெளிவந்தது, அதைத் தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். எவ்வளவு பெரிய அணை கட்டினாலும் இந்தக் கணக்கைப் பிரிக்க முடியாது!

வெளியீட்டு நாளைப் பொறுத்தவரை இரண்டு தேதிகள் சொல்லப்படுகின்றன. நெடுங்காலம் 1928 நவம்பர் 7 என்றே எழுதிவந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்பதை முன்வைக்கிறார்கள். நாம் பிந்தியதன் பக்கம் சாய்கிறோம். 1926இல் நிறுவனம் தொடங்கி, கருவி வாங்கி, நடிகையைத் தேடி, ஒருவரை விடுத்து மற்றொருவரை அமர்த்தி, வெயிலை நம்பிப் படமெடுத்த மனிதருக்கு இரண்டே ஆண்டுகள் போதியிருக்குமா என்பது ஐயமே. இடம் பற்றி வழக்கு ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் அன்று இருந்த கேப்பிட்டல் தியேட்டர்தான்.

கேள்வி (வண்டிப்பெரியாறு): படத்தின் கதையில் தேயிலைத் தோட்டம் வருவதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. திருவிதாங்கூரில் ஒரு செல்வந்தரின் மகன் சிறுவனாக இருக்கும்போது, பூதநாதன் என்னும் கயவன் அவனை இலங்கைக்குக் கடத்திவிடுகிறான். அங்கே தோட்டத்தில் கூலியாகத் தொடங்கிய சிறுவன் வளர்ந்து மேற்பார்வையாளனாக உயர்கிறான்; பின் ஊர் திரும்புகிறான்; உடலில் உள்ள தழும்பு அவனை இன்னார் என்று காட்டிக்கொடுக்கிறது. காணாமற்போன பிள்ளை என்பதே படத்தின் பெயரும்.

தழும்பை வைத்து அடையாளம் காணும் முடிவு இன்று உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் இலங்கையைக் கதைக்குள் கொண்டுவந்தது சாதாரண யோசனை அல்ல. கங்காணிகள் திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் ஆள் பிடித்துத் தூத்துக்குடி வழியாகவும் மண்டபம் முகாம் வழியாகவும் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. ‘கொழும்புக்குப் போனவன் வரவே இல்லை’ என்பது தென்கோடியில் ஒவ்வொரு தெருவிலும் கேட்ட பேச்சு. புராணக் கதைகளே படமாகிக்கொண்டிருந்த நாளில், டேனியல் தம் மக்களின் அன்றாடத் துயரத்திலிருந்து ஒரு கதையை எடுத்தார். இயக்குநர் என்ற முறையில் அவருக்கு நாம் தரும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். கதையை எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் அவரே நடித்தார். தம் மகனையும் ஒரு சிறுவன் வேடத்தில் நடிக்கவைத்தார். கயவனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழ்ப் படங்களில் புகழ்பெற்ற பி.எஸ். சரோஜாவின் தந்தை.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): நாயகியாக நடித்த ரோஸிக்கு என்ன நேர்ந்தது? அவரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

எழுதியிருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகை வரவழைக்கப்பட்டு, அவர் கேட்ட வசதிகளைச் செய்துதர முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். குடும்பப் பெண்கள் மேடையேறுவதே பழியாகக் கருதப்பட்ட அந்நாளில் உள்ளூரில் நாயகி கிடைப்பது எளிதாக இல்லை. அப்போது கிடைத்தவர்தான் பி.கே. ரோஸி. புலையர் வகுப்பில் பிறந்த கிறிஸ்தவப் பெண். புல் அறுத்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த குடும்பம். அவர் காக்கரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். தென் திருவிதாங்கூரில் ஆடப்பட்ட அந்த நாட்டார் நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும் என்பது உங்களில் முதியவர்களுக்கு நினைவிருக்கலாம்.

படத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம். கேப்பிட்டல் தியேட்டரின் முதல் காட்சிக்கு அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள், அந்தப் பெண் அரங்கில் இருந்தால் தாங்கள் வர முடியாது என்றார்கள். தாம் நடித்த படத்தின் முதல் காட்சியை அவர் பார்க்க இயலவில்லை. திரையில் நாயகன் நாயகியின் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்தபோது கூச்சல் எழுந்து, கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். கலவரம் அத்துடன் நிற்கவில்லை. ரோஸியைத் தேடிச் சென்று அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பியவர் உங்கள் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில், தாம் நடித்ததை வெளியே சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார்.

வைக்கம் போராட்டம் நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கோ 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயில் தெருவில் நடக்கவே விடாத ஒரு சமூகத்தில், திரையில் உயர்குலப் பெண்ணாக அவரை உலவவிட்டது டேனியலின் துணிவு. ஆனால் அந்தத் துணிவுக்கு டேனியல் கொடுத்த விலை பணம். ரோஸி கொடுத்த விலை வீடு, பெயர், ஊர் எல்லாம். தம் நாயகிக்கு என்ன ஆபத்து வரும் என்பதை அந்த ஊரிலேயே வாழ்ந்த டேனியல் முன்கூட்டி எண்ணிப் பாதுகாப்புச் செய்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அவரைப் போற்றுகிறவர்கள் இதைக் கேட்டுக் கோபிக்க வேண்டாம். 2019இல் மலையாளத் திரைத்துறைப் பெண்கள் தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு ரோஸியின் பெயரைச் சூட்டினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து காட்டியது. இத்தனைக்கும் அவருடைய முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம்கூட ஐயத்துக்கிடமின்றிக் கிடைத்ததில்லை.

கேள்வி (பாறசாலை): சாதி வெறி ஒன்றினால்தான் படம் தோற்றதா?

தலைநகரில் படம் ஓடாமற்போனதற்கு அதுவே காரணம். ஆனால் ஆலப்புழை, கொல்லம், திருச்சூர், தலைச்சேரி, நாகர்கோவில் ஆகிய ஊர்களிலும் படம் காட்டப்பட்டது. ஆலப்புழையில் மக்கள் பொறுமையாகவே பார்த்தார்கள். அப்படியிருந்தும் போட்ட பணம் திரும்பவில்லை என்றால், தொழில் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஊமைப்படத்துக்கு மொழித் தடை இல்லாததால் பம்பாய், கல்கத்தா, அமெரிக்கா என எங்கிருந்தும் வந்த படங்கள் அதே கொட்டகைகளில் ஓடின. அவற்றைத் தயாரித்தவர்களுக்குப் பரந்த சந்தை இருந்தது. டேனியலுக்கு இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய கொட்டகைகள். ஒரே ஒரு படத்துக்காக நிலையம், கருவி, ஆட்கள் எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கி வைப்பது, ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க மண்டபத்தையே விலைக்கு வாங்குவது போன்றது. அடுத்தடுத்துப் படங்கள் எடுத்தால்தான் அந்த முதலீடு மீளும். முதல் படத்திலேயே கை முறிந்தவருக்கு அடுத்த படம் ஏது? கருவிகளை விற்றுக் கடனை அடைத்து நிலையத்தை மூடினார். இதற்குள் 1931இல் பேசும்படம் வந்துவிட்டதால், ஊமைப்படத்துக்கென வாங்கிய பொருள்களுக்கு நல்ல விலையும் கிடைத்திருக்காது.

கேள்வி (குலசேகரம்): படத்தின் பிரதி எங்காவது இருக்கிறதா?

இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட் கலந்த பொருளால் ஆனது. பற்றினால் அணைக்க முடியாமல் எரியும். டேனியலின் வீட்டில் கிடந்த சுருளைத் தாம் சிறுவனாக இருந்தபோது, அதன் தீச்சுடர் பார்க்க அழகாக இருந்ததால், விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாக அவருடைய இளைய மகனே பின்னாளில் கூறியிருக்கிறார்.

டேனியலின் உறவினரான சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் ஊமைப்படத்தின் கதி நேர்மாறானது. படத்துக்கு அடிப்படையான நாவலின் பதிப்புரிமை குறித்து வழக்கு வந்ததால் 1933இல் அது கொட்டகையிலிருந்து கைப்பற்றப்பட்டு, புத்தகக் கடையின் கிடங்கில் பல்லாண்டுகள் கிடந்து, 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தயாரிப்பாளரை நொடித்துப்போகச் செய்த வழக்குதான் படத்தைப் பிழைக்கவைத்தது.

கேள்வி (செங்கோட்டை): படத்தொழிலை விட்ட பிறகு எப்படி வாழ்ந்தார்? கேரள அரசு உதவிப்பணம் மறுத்தது உண்மைதானா?

பல் மருத்துவம் படித்து, பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி ஆகிய ஊர்களில் தொழில் செய்தார். வருமானம் நன்றாகவே இருந்தது. ஆனால் சினிமா ஆசை அவரை விடவில்லை. நடிகர் பி.யு. சின்னப்பாவின் பழக்கம் ஏற்பட்டு, மறுபடியும் படம் எடுக்கும் எண்ணத்தோடு சென்னைக்குப் போய், சேர்த்த பணத்தையும் இழந்து திரும்பினார். இறுதிக் காலத்தை வறுமையிலும் நோயிலும் அகஸ்தீசுவரத்தில் கழித்து, 1975 ஏப்ரல் 27 அன்று காலமானார்.

உதவிப்பணம் பற்றிய செய்தி உண்மையே. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளர் டேனியலைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைப் பற்றி எழுதி, நலிந்த கலைஞர்களுக்கான உதவியைப் பெற்றுத்தர முயன்றார். விண்ணப்பதாரர் வசிப்பது தமிழ்நாட்டில் என்பதால் அங்கேயே கேட்கட்டும் என்று பதில் வந்தது. தமிழ்நாட்டிலோ அவர் எடுத்தது மலையாளப் படம். உங்கள் செங்கோட்டையும் 1956இல் இப்படிக் கைமாறிய ஊர்தான் என்பதால், பழைய ஆவணம் ஒரு தலைநகரிலும் புதிய ஆவணம் மற்றொன்றிலுமாக அலைந்த குடும்பங்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு, 1992இல், மலையாளத் திரைக்கு வாழ்நாள் முழுதும் பணியாற்றியவர்களுக்கான உயரிய விருதைக் கேரள அரசு டேனியலின் பெயரால் நிறுவியது. அந்த விருதின் தொகையில் ஒரு சிறு பங்கு 1970இல் கிடைத்திருந்தால் கிழவர் நிம்மதியாக மருந்து வாங்கியிருப்பார்.

கேள்வி (கொல்லங்கோடு): 2013இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படத்தை நம்பலாமா?

இயக்குநர் கமல் எடுத்து, பிரிதிவிராஜ் டேனியலாக நடித்த படம். நன்றாக எடுக்கப்பட்ட படம். ஆனால் அது நாவலையும் வரலாற்றையும் கலந்து கட்டியது. டேனியல் என்றொருவர் இருந்தார் என்று இளந்தலைமுறைக்குத் தெரிவித்ததற்கு நன்றி சொல்லலாம். தேதிகளுக்கும் உரையாடல்களுக்கும் அதைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): தெற்கே டேனியல் என்றால், எங்கள் பாலக்காட்டு எல்லையிலிருந்து இரு மொழியிலும் படம் எடுத்த இயக்குநர் யாரேனும் உண்டா? எங்கள் பகுதியின் பழைய நாடகக் குழுக்களைப் பற்றியும் எழுதுங்கள்.

கே.எஸ். சேதுமாதவனை மறந்துவிட்டீர்களா? 1931இல் பாலக்காட்டில் பிறந்து, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தொழில் கற்று, மலையாளத்தில் ‘ஓடையில் நின்னு’ உள்ளிட்ட படங்களால் புகழ்பெற்றவர். கமல்ஹாசனை 1962இல் சிறுவனாகவும், 1974இல் நாயகனாகவும் மலையாளத்தில் நடிக்கவைத்தவர் அவரே. இந்திரா பார்த்தசாரதியின் கதையைக் கொண்டு அவர் எடுத்த ‘மறுபக்கம்’, 1990ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. தமிழ்ப் படம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. டேனியல் பெயரிலான விருதும் 2009ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. டேனியலுக்கு வாய்க்காத சேலமும் சென்னையும் இவருக்கு வாய்த்தன; தொழில் தெரிந்த நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக் கற்றுக்கொள்ள முடிந்தது; சொந்த நிலத்தை விற்க வேண்டியிருக்கவில்லை.

நாடகக் குழுக்கள் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி இத்தலைப்புக்கு வெளியே நிற்பதால், அதற்கான பதில் அடுத்த இதழில் வரும்.